நெடுவாகுளத்தில் வலது பக்கம்

அக்டோபர் 9, திங்கள்

கர்ப்பிணிகள் விவரம் எழுத சுகாதாரத் துறையில் கொடுத்த டைரி இது. இன்று இதில் என் வீட்டுக்காரரைப் பற்றி எழுதப்போகிறேன். கத்திக் கத்தித் தொண்டை கட்டிவிட்டது, இனி எழுதித்தான் தீர்க்க வேண்டும்.

புது ஸ்டேஷனில் கூட்டம். ரயில்வே பொறியாளர் ரகோத்தமன் வந்திருந்தார். ஊர்ச் சார்பில் வார்டு மெம்பர் உச்சிமாகாளி, கிராம நர்ஸ் என்ற முறையில் நான், கீழத்தெரு ஆட்கள் கொஞ்சம் பேர். கேட்பது ஒன்றே ஒன்றுதான். மீட்டர் கேஜ் ரயில் ஓடிய காலத்தில் ஸ்டேஷனுக்குத் தெற்கே ஒரு கேட் இருந்தது. கீழத்தெரு சனம் ஆஸ்பத்திரிக்கும் மெயின்ரோட்டுக்கும் அந்த வழியாகத்தான் தண்டவாளத்தைக் கடந்தது. அகலப்பாதை போட ரயிலைப் பல வருஷம் நிறுத்தினார்கள். திரும்ப ஓடவிட்டபோது தெற்கே இரும்புத் தூண்களை நட்டு வழியை அடைத்திருந்தார்கள். சுரங்கப்பாதை எங்கே தெரியுமா? வடக்கே, காக்கா கூடப் போகாத பொட்டலில். ஒரு மழை பெய்தால் அதில் இடுப்பளவு தண்ணீர்.

போன ஐப்பசி மழையில் டீக்கடை தங்கப்பழத்தின் மருமகள் சிவரஞ்சனிக்கு வலி வந்தது. ஆம்புலன்ஸ் தண்ணீருக்கு அந்தப் பக்கம் நின்றது. கட்டிலோடு அவளைத் தூக்கித் தூண் இடுக்கில் நுழைத்து, தண்டவாளத்தைத் தாண்டி, எல்லாம் முடிந்து குழந்தையை என் கையில்தான் வாங்கினேன். அது அழவில்லை. இப்போது மறுபடியும் உண்டாகியிருக்கிறாள். நவம்பர் நடுவில் தேதி. தாயில்லாத பெண், போய் இருக்க வேறு வீடு கிடையாது. வலி வந்தால்தான் ஆஸ்பத்திரியில் சேர்ப்பார்கள்.

இந்த லட்சணத்தில், பொறியாளர் என் வீட்டுக்காரரைப் பார்த்து மரியாதையாகக் கேட்டார். "சார், நீங்க இங்க ஸ்டேஷன் மாஸ்டரா இருந்தவர். பழைய கேட் எந்தப் பக்கம் இருந்தது?"

குற்றாலிங்கம் சார் எழுந்து நின்றார். ஜன்னல் வழியாகத் தண்டவாளத்தைப் பார்த்தார். "வலது பக்கம்" என்றார்.

வலது பக்கம் வடக்கு! பொறியாளர் சிரித்தேவிட்டார். "அங்கதானே சார் சப்வே போட்டிருக்கோம்."

"ஏங்க, தெக்கன்னு சொல்லுங்க" என்று நான் பதறுகிறேன். இந்த மனுஷன் என்னைத் திரும்பிக்கூடப் பார்க்காமல், "வலது பக்கம்தான். பதினோரு வருசம் பாத்திருக்கேன்" என்கிறார்.

முடிந்தது கதை. ஏதாவது பழைய பிளான், சிக்னல் படம் இருந்தால் காட்டுங்கள், நவம்பர் மூன்றாம் தேதி வருகிறேன், இல்லாவிட்டால் ஃபைலை மூடிவிடுவேன் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார் பொறியாளர்.

ஊருக்கு வில்லன் எனக்குப் புருஷன்.

அக்டோபர் 10, செவ்வாய்

குழாயடியில் உச்சிமாகாளி எல்லார் முன்னாலும் கேட்டான். "நர்சம்மா, சார் பென்சன் வாங்குத எடத்துக்கு விசுவாசமா இருக்காரு போல?" பதிலுக்கு நான்கு வார்த்தை நானும் நன்றாகக் கொடுத்தேன். ஆனால் அவன் கேட்டதைத்தானே நானும் ராத்திரி முழுக்கக் கேட்டேன்.

அவர் காப்பி குடித்துவிட்டு, டம்ளரைக் கழுவி வைத்துவிட்டு, "காப்பி இன்னும் வரலயே சம்முவம்" என்று என் பேரைச் சொல்லிக் கேட்கிறார். குத்திக்காட்டுகிறாராம். வாயைத் திறக்க வேண்டிய இடத்தில் திறக்கத் தெரியாது, வீட்டில் மட்டும் நக்கல்.

அக்டோபர் 13, வெள்ளி

லீவு போட்டுக் கோட்ட அலுவலகம் போனேன். இரண்டு பஸ் மாறி, நான்கு மாடி ஏறி, ஒவ்வொரு மேசையிலும் ஒரே பாட்டைப் பாடினேன். "எனக்கு நெடுவாகுளம் மீட்டர் கேஜ் பிளான் வேணும். சிக்னல் படம் இருந்தாலும் சரி."

கடைசி மேசையில் இருந்தவர் நல்ல மனுஷன். சாவியை எடுத்துக்கொண்டு என்னோடு வந்தார். அறை முழுக்கச் சுருட்டிய படங்கள். பிரித்தால் நீலத்தாள், வெள்ளைக் கோடு, எத்தனையோ ஊர். எங்கள் ஊருக்கு முந்தின ஸ்டேஷன் இருக்கிறது, பிந்தின ஸ்டேஷன் இருக்கிறது. எங்கள் ஊர் இல்லை.

"கேஜ் மாத்துன கான்ட்ராக்டுக்காரங்க வாங்கிட்டுப் போனதும்மா. திருப்பித் தந்தாங்களோ என்னவோ" என்றார்.

"தரலன்னா கேக்க மாட்டீங்களா?"

"நான் வந்தே ரெண்டு வருசம்தாம்மா ஆகுது."

எல்லோரும் இரண்டு வருஷத்துக்கு முன்னால் வந்தவர்கள்தான். தவறு செய்தவன் மட்டும் எப்போதும் மாற்றலாகிப் போய்விடுகிறான்.

வீட்டுக்கு வந்தால் கதவு ஆவென்று திறந்து கிடக்கிறது. இவரைக் காணோம். தேடிப் போனால், தண்டவாளத்துக்கு மேற்கே இடிந்து கிடக்கும் பழைய ஸ்டேஷனுக்குள், ஆட்டுப் புழுக்கைக்கு நடுவே உட்கார்ந்திருக்கிறார். வெள்ளைச் சட்டை, வெள்ளை பேன்ட். ரிட்டயர் ஆனபோது மடித்துவைத்த யூனிஃபார்ம். ஊர் சிரிக்கட்டும் என்றே செய்கிறார். கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தேன்.

அக்டோபர் 16, திங்கள்

கேஸைத் திறந்து வைத்துவிட்டுப் பற்றவைக்காமல் போய்விட்டார். அலட்சியம்.

அக்டோபர் 18, புதன்

ஓசூரிலிருந்து மகன் போன். "அம்மா, அப்பாவ ஒரு நல்ல டாக்டர்ட்ட காட்டும்மா. நேத்து போன்ல என்னய சித்தப்பா பேரச் சொல்லிக் கூப்பிட்டாரு."

"நீங்க ரெண்டு பேரும் ஒரே குரல்ல பேசுனா யாருக்குத்தான் வித்தியாசம் தெரியும்? நீ மாசத்துக்கு ஒருக்கா கூப்பிட்டா அவருக்கு எங்க ஞாபகம் இருக்கும்?" என்று வைத்துவிட்டேன். முப்பத்திரண்டு வருஷமாக நர்ஸாக இருக்கிறேன். எனக்குப் பாடம் எடுக்கிறான்.

சிவரஞ்சனிக்கு இரும்புச்சத்து மாத்திரை கொடுத்தேன். ரத்தம் பரவாயில்லை. கால் வீக்கம் இல்லை. குழந்தையின் தலை கீழே இறங்கவில்லை இன்னும்.

அக்டோபர் 22, ஞாயிறு

கிடைத்துவிட்டது!

நாளை ஆயுத பூஜை. தங்கப்பழம் டீக்கடையைக் கழுவிக்கொண்டிருந்தார். சுவரில் மாட்டியிருந்த அவருடைய கல்யாண போட்டோவை இறக்கிப் பெஞ்சில் சாய்த்து வைத்திருந்தார். பல வருஷமாக அதைப் பார்க்கிறேன். என்றைக்காவது யோசித்தேனா? போட்டோ முழங்கை அளவு. சட்டமோ ஓர் ஆள் நீளம். நடுவில் மாப்பிள்ளையும் பொண்ணும், இரண்டு பக்கமும் காலியிடத்தை மறைக்கப் பிளாஸ்டிக் ரோஜா ஒட்டியிருக்கிறது. கீழ்ச்சட்டத்தில் பித்தளைத் தகடு. தேய்த்துப் பார்த்தால் எங்கள் ஸ்டேஷன் பெயர்!

"அண்ணாச்சி, இது ஏது?"

"பழைய ஸ்டேசன் சாமான ஏலம் போட்டாவள்லா, அப்ப எடுத்தது. தேக்கு பாத்துக்கிடுங்க. சும்மா கெடைக்குமா?"

"உள்ள படம் இருந்துச்சா?"

"கோடு கோடா என்னமோ இருந்துச்சு. போட்டோவுக்குப் பின்னால அண்டக் கொடுக்கட்டும்னு அப்படியே விட்டுட்டேன்."

எனக்கு அவரைக் கட்டிக்கொள்ளவும் தோன்றியது, நாலு அறை விடவும் தோன்றியது. இரண்டு வருஷமாக மனு எழுதுகிறோம், அதுவும் இந்தக் கடையில், இந்தப் போட்டோவுக்குக் கீழே உட்கார்ந்து! ஆணியைப் பிடுங்கினோம். ரோஜாவைப் பிய்த்தோம். சிக்னல் படம் இருந்தது. இரண்டு ஓரத்தையும் கரையான் தின்றிருந்தது, எந்தப் பக்கம் எந்த ஊர் என்று எழுதியிருக்கும் இடம் போய்விட்டது. நடுப்பகுதி கல்லுக் கணக்காக இருக்கிறது. நீளக் கோடுகள், சிவப்பு சிக்னல் கைகள், நம்பர்கள், கீழே ஒரு கட்டம், அதில் ஸ்டேஷன் என்று எழுத்து.

கேட் குறியும் இருக்கிறது. வீட்டுக்கு எடுத்துவந்து நாளை வெளிச்சத்தில் நிதானமாகப் பார்க்க வேண்டும்.

அக்டோபர் 23, திங்கள்

நாசமாய்ப் போக.

கேட் வலது பக்கம் இருக்கிறது.

புதிய ஸ்டேஷனில் மாட்டியிருக்கும் படத்தைச் செல்போனில் எடுத்து வைத்திருந்தேன். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். அதிலும் ஸ்டேஷன் கட்டம் கீழே, இதிலும் கீழே. அதில் சுரங்கப்பாதை வலது பக்கம், இதில் கேட் வலது பக்கம். வலது பக்கம் வடக்கு. பொறியாளர் சொன்னதுதான் சரி. கேட் தெற்கில் இருக்கவே இல்லையாம். அப்படியானால் நான் சின்னப் பிள்ளையில் சைக்கிளோடு நின்று கேட்மேனிடம் திட்டு வாங்கியது எங்கே? கனவிலா?

இவர் மேசைக்கு வந்தார். படத்தைப் பார்த்ததும் முகம் அப்படியே மலர்ந்துவிட்டது. விரலால் ஒவ்வொரு சிக்னலாகத் தொட்டு நம்பர் சொன்னார். பிறகு என் செல்போனைப் பார்த்தார், படத்தைப் பார்த்தார். படத்தை எடுத்துத் தலைகீழாகத் திருப்பி வைத்தார்.

"என்னத்த செய்யுதீய?"

"இப்படித்தான் வைக்கணும்."

எழுத்தெல்லாம் குப்புறக் கிடக்கிறது, இப்படித்தான் வைக்க வேண்டுமாம்! அத்தனை நாள் ஆத்திரமும் பொங்கிவிட்டது. "கண்ணும் போச்சா ஒங்களுக்கு? அன்னைக்கு வாயைத் திறந்து ஊரைக் கவுத்தீய, இன்னைக்குப் படத்தைக் கவுக்குதீயளா?" என்று பிடுங்கி நேராக வைத்தேன். அவர் மறுபடி திருப்பினார். நான் மறுபடி பிடுங்கினேன். ஓரம் கிழிந்தது. அவர் கையை மடியில் வைத்துக்கொண்டார்.

சுண்டல் அப்படியே இருக்கிறது. ஸ்கூட்டிக்குச் சந்தனம்கூட வைக்கவில்லை.

அக்டோபர் 27, வெள்ளி

சிவரஞ்சனி வீட்டுக்குப் போனேன். துடிப்பு நன்றாக இருக்கிறது. தலை இறங்கிவிட்டது. வானத்தைப் பார்த்துவிட்டுக் கேட்டாள். "சிஸ்டர், மழ கடுசா வருமா?"

"நீ வயித்தப் பாரு, வானத்தப் பாக்காத" என்று எரிந்து விழுந்தேன். பாவம், சிரித்தாள். படம் கிடைத்த சந்தோஷத்தில் இருக்கிறார்கள் எல்லோரும். படம் என்ன சொல்கிறது என்று நான் யாரிடமும் சொல்லவில்லை. அதைக் கிழித்துப் போட்டுவிடலாமா என்று இரண்டு தரம் கையில் எடுத்தேன்.

அக்டோபர் 30, திங்கள்

மழை. காலையிலேயே சுரங்கப்பாதையில் முழங்கால் தண்ணீர்.

சாயங்காலம் இவரைக் காணோம். எங்கே இருப்பார் என்று தெரியும். குடையோடு திட்டிக்கொண்டே போனேன். பழைய ஸ்டேஷன், ஓடு இல்லாத அறை, யூனிஃபார்ம் உடம்போடு ஒட்டி நனைந்து, ஒரு கல்லின் மேல் ஜன்னலைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறார். குடையைப் பிடித்துப் பக்கத்தில் நின்றேன். திட்ட வாயெடுத்தவள், எதிர்ச்சுவரைப் பார்த்தேன்.

ஜன்னலுக்கு மேலே நீளமாக ஓர் இடம் மட்டும் வெளுப்பாக இருந்தது. ஓர் ஆள் நீளம். நான்கு மூலையிலும் ஆணித் துளை. தங்கப்பழத்தின் கல்யாணச் சட்டம் அங்கேதான் தொங்கியிருக்கிறது. அதற்குக் கீழே ஜன்னல், ஜன்னலுக்கு வெளியே தண்டவாளம். இவர் பதினோரு வருஷம் இந்த இடத்தில் உட்கார்ந்து, படத்தையும் தண்டவாளத்தையும் ஒரே பார்வையில் பார்த்திருக்கிறார்.

"கேட் எங்கங்க?" என்றேன். ஏன் கேட்டேனோ.

"வலது பக்கம்" என்று கையை நீட்டினார்.

அந்தக் கை தெற்கே நீண்டது. நேராக இரும்புத் தூண்களைப் பார்த்து.

ஐயோ! பழைய ஸ்டேஷன் தண்டவாளத்துக்கு மேற்கே. புதியது கிழக்கே. இங்கே உட்கார்ந்து பார்த்தால் வலது பக்கம் தெற்கு. அங்கே உட்கார்ந்து பார்த்தால் வலது பக்கம் வடக்கு. படம் பொய் சொல்லவில்லை. இவரும் பொய் சொல்லவில்லை. புதிய படத்தோடு சேர்த்துப் பார்க்க வேண்டும் என்றால், பழைய படத்தைத் தலைகீழாகத்தான் வைக்க வேண்டும். இவர் வைத்தாரே. நான்தான் பிடுங்கினேன்.

மழையில் நின்று அழுதேன். சந்தோஷம் என்று அவர் நினைத்துக்கொள்ளட்டும். "அத அன்னைக்கே வாயைத் திறந்து சொன்னா என்ன? ஸ்டேசன் எடம் மாறிட்டுன்னு ஒரு வார்த்தை?" என்று கேட்டேன்.

"எந்த ஸ்டேசன்?" என்றார்.

குடையை அவர் பக்கம் சாய்த்து வீட்டுக்குக் கூட்டிவந்தேன்.

நவம்பர் 3, வெள்ளி

ரகோத்தமன் வந்தார். படத்தைப் புதிய ஸ்டேஷன் மேசையில் விரித்தேன். பார்த்த உடனே, "இதுலயும் வலது பக்கம்தானேம்மா? நீங்களே எங்களுக்கு சாட்சி கொண்டாந்துட்டீங்க" என்றார். உச்சிமாகாளியின் முகம் செத்துப்போயிற்று.

"சார், ஒரு சந்தேகம். இந்தப் படமெல்லாம் நீங்க எப்படி வரைவீங்க?"

"ஸ்டேஷன் மாஸ்டர் சீட்ல உக்காந்து லைனைப் பாத்தா எப்படித் தெரியுமோ, அப்படித்தாம்மா. அதுதான் வழக்கம்."

"அப்ப வாங்க, அந்த சீட்ல போய் உக்காந்து பாப்போம்."

பிளாட்பாரத்தை இறங்கி, தண்டவாளத்தைத் தாண்டி, சேற்றில் எல்லோரையும் பழைய ஸ்டேஷனுக்குக் கூட்டிப் போனேன். இவர் அங்கே யூனிஃபார்மில் உட்கார்ந்திருந்தார். இந்த முறை நான்தான் இஸ்திரி போட்டு உடுத்திவிட்டு, காலையிலேயே கூட்டிவந்து உட்காரவைத்தேன். யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் குடையால் அடித்திருப்பேன்.

"நீங்களே கேளுங்க சார், அன்னைக்குக் கேட்டதையே" என்றேன்.

"சார், பழைய கேட் எந்தப் பக்கம்?"

"வலது பக்கம்." கை நீண்டது.

பொறியாளர் அவர் பின்னால் போய் நின்றார். தன் வலது கையையும் தூக்கினார். தூண்களைப் பார்த்தார். சுவரில் இருந்த வெளுப்பைப் பார்த்தார். கையில் இருந்த படத்தை மெதுவாகத் தலைகீழாகத் திருப்பினார்.

"பழைய படத்தைப் பாத்துதான் சப்வேக்கு இடம் குறிச்சிருக்காங்க. கட்டடம் மாறுனதை யாரும் கவனிக்கல" என்றார்.

"கவனிக்கலயா?" எனக்கு வந்ததே கோபம்! "ஒரு பிள்ளை போச்சு சார். நான் கையில வாங்குனேன். இத்தனை மனு குடுத்தோம். தெக்க, தெக்கன்னு ஊரே கத்துச்சு. ஒருத்தராவது இந்த எடத்துல வந்து நின்னு பாத்தீங்களா? காகிதத்துல வலது பக்கம்னு இருந்தா, எவன் வலது பக்கம்னு கேக்க மாட்டீங்களா?"

அவர் தலையைக் குனிந்து படத்தைச் சுருட்டினார். தெற்கே சுரங்கப்பாதைக்கு எழுதுகிறேன், அதுவரைக்கும் தூணைப் பிடுங்கிக் காவலுக்கு ஆள் போடச் சொல்கிறேன் என்றார். எழுத்தில் கொடுங்கள் என்றேன். கொடுத்தார்.

உச்சிமாகாளி இவர் காலில் விழாத குறை. "சார், மன்னிச்சிருங்க, வாய் தவறிச் சொல்லிப்புட்டேன்." இவர் அவனை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "டிக்கெட் கவுண்டர் அந்தப் பக்கம்" என்றார். எல்லோரும் தமாஷ் என்று சிரித்தார்கள். நானும் சேர்ந்து சிரித்தேன்.

நவம்பர் 15, புதன்

விடிகாலையில் சிவரஞ்சனிக்கு வலி. கொட்டுகிற மழை. சுரங்கப்பாதையில் வண்டி மூழ்கும் அளவுக்குத் தண்ணீர். ஆம்புலன்ஸ் தெற்கே வந்தது. பிடுங்கிய தூண்களுக்கு நடுவே, தண்டவாளத்தில் பரப்பிய கட்டைகள்மேல் ஏறி இறங்கிப் போனோம். புதுக் கேட்மேன் கொடியைப் பிடித்துக்கொண்டு நின்றான். ஆஸ்பத்திரியில் சேர்த்த பிறகுதான் பனிக்குடம் உடைந்தது. பெண் குழந்தை. இரண்டே முக்கால் கிலோ. கையில் வாங்குமுன்னே என்ன கத்தல்! இன்னும் கத்து என்றேன்.

தங்கப்பழம் எனக்கும் இவருக்கும் அல்வா கொடுத்துவிட்டார். சாயங்காலம் வீட்டுக்கு வந்தேன். இவர் நாற்காலியில் வாசலைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். அவருக்கு வலது கைப் பக்கம் உட்கார்ந்து, ஒரு துண்டு வாயில் கொடுத்து, குழந்தை பிறந்ததைச் சொன்னேன். கவனமாகக் கேட்டார். பிறகு மரியாதையாக என்னைப் பார்த்துச் சொன்னார்.

"ரொம்ப நேரமாயிட்டு சிஸ்டர். எம் பொண்டாட்டிய இன்னும் காணோம். சம்முவம்னு பேரு. பாத்தீயளா?"

எனக்கு வந்த ஆத்திரத்தில் அந்த அல்வாவைத் தூக்கித் தெருவில் எறிந்திருப்பேன். படத்தில் இருந்த அத்தனை சிக்னலும் நம்பரோடு தெரிகிறது. லீவர் தெரிகிறது, கேட் தெரிகிறது. முப்பத்து நான்கு வருஷம் சோறு போட்டவள் முகம் தெரியவில்லையா? ரயில்வேக்காரனுக்கு வாக்கப்பட்டது என் தப்பு. எனக்குத் தெரியும் இது என்னவென்று. காப்பி கேட்ட அன்றைக்கே தெரியும். ஊரில் எந்தக் கிழவனுக்காவது இப்படி இருந்தால் முதல் நாளே சீட்டு எழுதி அனுப்பியிருப்பேன். மகனுக்குப் போன் செய்தேன். வெள்ளிக்கிழமை நரம்பு டாக்டரிடம் போகிறோம்.

அவர் இன்னும் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார். "எங்கன போயிருப்பா சிஸ்டர்?" என்றார் மறுபடியும்.

"வலது பக்கம்" என்றேன்.

திரும்பி என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். அப்புறம் மீதி அல்வாவை வாங்கிக்கொண்டார்.